மஞ்சளும் ஆரிகானோவும் கோழியைக் காக்குமா?

மூன்று வாரம் நிரம்பிய கோழிக்குஞ்சுகள் திடீரென்று சுறுசுறுப்பை இழக்கின்றன. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, சிறகுகளைத் தொங்கவிட்டு, கண்களை மூடியபடி மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. தீவனத் தட்டில் போட்ட தீவனம் அப்படியே இருக்கிறது. தரையில் பரப்பிய கூளத்தின் மேல் ஆங்காங்கே செந்நிற எச்சம். கோழி வளர்ப்போர் இதைக் கண்டதும், 'இரத்தக் கழிச்சல்' என்று சொல்லிவிடுவார்கள்.

வெள்ளைக் கழிச்சல் என்று நம் ஊர்களில் அழைக்கப்படும் இராணிக்கெட் நோய் வேறு, இது வேறு. வெள்ளைக் கழிச்சலை உண்டாக்குவது ஒரு வைரஸ். இரத்தக் கழிச்சலை உண்டாக்குவது ஒரு செல்லால் ஆன ஓர் ஒட்டுண்ணி. இதனை அறிவியலார் 'காக்சிடியோசிஸ்' என்பர். கோழி வளர்க்கப்படும் நாடுகள் அனைத்திலும் இந்நோய் உண்டு. நோயால் ஏற்படும் இழப்பையும், அதைத் தடுக்கவும் தீர்க்கவும் ஆகும் செலவையும் சேர்த்து, 2016-ஆம் ஆண்டு விலைவாசியில் உலகம் முழுவதற்கும் சுமார் 1,040 கோடி பவுன் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளின் விவரங்களைக் கொண்டு செய்யப்பட்ட கணக்கு இது.

இந்நோய்க்கு எதிராகத் தாவரச் சாறுகளையும் பொடிகளையும் தீவனத்தில் கலந்து கொடுக்கலாம், அவை கோழியின் நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும் என்ற பேச்சை இன்று பரவலாகக் கேட்கிறோம். இது உண்மையா? உண்மையென்றால் எந்த அளவுக்கு உண்மை? அதை எப்படி அளந்து அறிவது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எதிரியின் பெயர் ஐமீரியா

1674-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லூவன்ஹூக், தாமே தேய்த்து உருவாக்கிய ஒற்றை வில்லை நுண்ணோக்கியில் முயலின் பித்தநீரைப் பார்த்தார். அதில் முட்டை வடிவமான நுண்துகள்கள் தெரிந்தன. அவை என்னவென்று அவருக்குத் தெரியாது. முயலைத் தாக்கும் ஐமீரியா இனம் ஒன்றின் வித்துகளே அவை என்று பிற்கால அறிஞர்கள் கருதுகின்றனர். 'ஐமீரியா' என்ற பெயர் 1875-இல் தியோடர் ஐமர் என்ற ஜெர்மானிய விலங்கியல் அறிஞரின் பெயரால் சூட்டப்பட்டது. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியமும் இதே பெரும் பிரிவைச் சேர்ந்தது. இந்த உறவைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

கோழியைத் தாக்கும் ஐமீரியாக்களில் ஏழு இனங்கள் நெடுங்காலமாக நன்கு அறியப்பட்டவை. இவை கோழியின் குடலைத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டிருப்பது ஒரு விந்தை. ஐமீரியா அசெர்வுலினா சிறுகுடலின் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐமீரியா மாக்சிமா சிறுகுடலின் நடுப்பகுதியில் தங்குகிறது. ஐமீரியா டெனெல்லா குடலின் கடைசிப் பகுதியில் இரு பைகளாகப் பிரிந்திருக்கும் குருட்டுக்குடலைத் தாக்குகிறது. எச்சத்தில் இரத்தம் ஒழுகச் செய்வதில் இந்த டெனெல்லாதான் பெயர் பெற்றது.

ஒன்று எட்டாகி, எட்டு இலட்சங்களாகி...

நோயுற்ற கோழியின் எச்சத்தில் 'ஊசிஸ்ட்' எனப்படும் வித்துகள் கோடிக்கணக்கில் வெளிவருகின்றன. கெட்டியான ஓடு போர்த்த இந்த வித்தின் நீளம் ஏறத்தாழ 20 மைக்ரான். அதாவது ஐம்பது வித்துகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் ஆகும். வெளிவந்தவுடன் இது நோய் உண்டாக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம், 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான இதமான வெப்பம் ஆகிய மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் முதிர்கிறது. முதிர்ந்த ஊசிஸ்டினுள் நான்கு சிறு உறைகளும், ஒவ்வோர் உறையிலும் இரண்டு 'ஸ்போரோசோயிட்டு'களும் இருக்கும். ஆக மொத்தம் எட்டு. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நனைந்து கிடக்கும் கூளம் ஏன் ஆபத்தானது என்பது இப்போது விளங்கும்.

கூளத்தைக் கிளறும் குஞ்சு இந்த வித்தை விழுங்குகிறது. கோழிக்குப் பல் இல்லை; மணலையும் சிறு கற்களையும் வைத்துத் தீனியை அரைக்கும் அரைவைப்பைதான் அதற்குப் பல். அந்த அரைவையில் ஊசிஸ்டின் ஓடு உடைகிறது. பித்தநீரும் செரிமான நொதியும் உள்ளே இருப்பவற்றை வெளியே விடுகின்றன. கோழியின் செரிமானக் கருவிகளே எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன!

வெளிவந்த ஸ்போரோசோயிட் ஒவ்வொன்றும் குடலின் உட்சுவரில் ஒரு செல்லைத் துளைத்து உள்ளே புகுந்து பெருகுகிறது. டெனெல்லா இனத்தில் ஒரு ஸ்போரோசோயிட்டிலிருந்து முதல் தலைமுறையில் சுமார் 900 'மீரோசோயிட்டு'கள் வரை தோன்றலாம். செல்லை வெடித்துக்கொண்டு வெளிவரும் இவை ஒவ்வொன்றும் புதிய செல்லில் புகுந்து, அடுத்த தலைமுறையில் 200 முதல் 350 வரை பெருகும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஓர் ஊசிஸ்டில் 8. அதை 900-ஆல் பெருக்கினால் 7,200. அதை 250-ஆல் பெருக்கினால் 18,00,000. ஒரே ஒரு வித்திலிருந்து, கணக்குப்படி, பதினெட்டு இலட்சம்! உண்மையில் பல வழியிலேயே அழிந்துபோவதால் இத்தனை தோன்றுவதில்லை. ஆயினும் பெருக்கத்தின் வேகம் எத்தகையது என்பதை இக்கணக்கு காட்டும். யுரேனியத்தில் நிகழும் தொடர்வினையை வகுப்பில் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இரண்டாம் தலைமுறை மீரோசோயிட்டுகள் குடல்சுவரின் ஆழத்திலிருந்து வெடித்து வெளிவரும் ஐந்தாம் நாளையொட்டி இரத்தக் கசிவு தொடங்குகிறது. அதன்பின் ஆண், பெண் செல்கள் உருவாகி இணைந்து, புதிய ஊசிஸ்டுகள் எச்சத்தில் வெளியேறுகின்றன. தொடக்கத்திலிருந்து இதுவரை ஏறக்குறைய ஒரு வாரம்.

யுரேனியத் தொடர்வினையோடு ஒரு பெரிய வேறுபாடும் இங்கு உண்டு. ஐமீரியாவின் பெருக்கம் சில தலைமுறைகளோடு தானே நின்றுவிடும். கோழி மீண்டும் புதிய வித்துகளை விழுங்காவிட்டால் நோய் அடங்கிவிடும். பிழைத்த கோழியை அதே இனம் மீண்டும் தாக்கினால் அது எளிதில் நோயுறாது. ஆனால் மாக்சிமாவை வென்ற கோழிக்கு டெனெல்லாவிடமிருந்து பாதுகாப்புக் கிடைக்காது. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே தடுப்பாற்றல் வேண்டும்.

கோழியின் காவற்படை

இந்தத் தடுப்பாற்றல் எங்கிருந்து வருகிறது? கோழியின் எச்சத்துவாரத்துக்கு அருகே, முதுகுப்புறமாக, 'பர்சா' என்ற சிறு பை ஒன்று இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்பவர் குஞ்சுகளிடமிருந்து அந்தப் பையை நீக்கிவிட்டால் அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் சரிவரத் தோன்றுவதில்லை என்று கண்டார். 1956-இல் இச்செய்தி கோழியியல் இதழ் ஒன்றில் வெளியாயிற்று. நம் உடலில் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் வெள்ளணுக்களை 'பி' செல்கள் என்கிறோமே, அந்த 'பி' என்ற எழுத்து கோழியின் பர்சாவிலிருந்து வந்ததுதான்! மற்றொரு வகையான 'டி' செல்கள் கழுத்துப் பகுதியிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்பவை.

ஐமீரியாவைத் தடுப்பது இவற்றில் எது? இங்கிலாந்தில் ரோஸ், லாங் என்ற இருவர் இதைச் சோதித்து 1970-இல் வெளியிட்டனர். பர்சா நீக்கப்பட்ட கோழிகளுக்கு ஐமீரியா தொற்றை உண்டாக்கினர். எதிர்ப்பொருள் உண்டாக்கும் ஆற்றல் குன்றிய நிலையிலும் அக்கோழிகள் மறு தொற்றை எதிர்த்து நின்றன. ஆகவே, இந்நோயைத் தடுப்பதில் எதிர்ப்பொருள்களுக்கு முதன்மையான பங்கு இல்லை; குடல்சுவரில் காவல் நிற்கும் 'டி' செல்களின் பங்கே பெரிது என்பது தெளிவாயிற்று. பிற்கால ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. தாவரச் சாறுகளைப் பற்றிய உரிமைகோரல்களை எடைபோடும்போது இம்முடிவு நமக்குத் துணை செய்யும்.

மருந்துகள் வந்தன, எதிர்ப்பும் வந்தது

1939-இல் லெவீன் என்ற அமெரிக்கர் சல்ஃபனிலமைடு என்ற மருந்து ஐமீரியாவைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார். 1948-இல் சல்ஃபாகுயினாக்சலின் தீவனத்தில் கலந்து விற்கப்படலாயிற்று. நோய் வந்தபின் மருந்து கொடுப்பது போய், வராமலே தடுக்க நாள்தோறும் மருந்து கொடுப்பது வழக்கமாயிற்று. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கொட்டகையில் ஆழ்கூளத்தில் வளர்ப்பது இதனால்தான் எளிதாயிற்று.

1971-இல் மொனென்சின் வந்தது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர் ஒன்று உண்டாக்கும் பொருள் இது. இது வேலை செய்யும் விதம் இயற்பியல் மாணவர்களுக்குப் பிடிக்கும். மொனென்சின் மூலக்கூறு வளையம் போல் வளைந்து ஒரு சோடியம் அயனியைத் தன் நடுவில் பொதிந்துகொள்கிறது. அதன் வெளிப்புறம் கொழுப்போடு ஒட்டும் தன்மையுடையது. ஆகவே, சாதாரணமாகச் சோடியம் அயனியால் கடக்க முடியாத கொழுப்புச் சவ்வை, இந்த வண்டியில் ஏறிக்கொண்டு அது கடந்துவிடுகிறது. ஒட்டுண்ணியின் செல்லுக்குள் சோடியம் பெருகுகிறது. அதை வெளியேற்ற ஒட்டுண்ணி தன் ஆற்றலையெல்லாம் செலவிடுகிறது. சவ்வூடு பரவலால் நீரும் உள்ளே புகுந்து, செல் வீங்கி வெடிக்கிறது.

ஆனால், ஒரு மருந்தை இடைவிடாது கொடுத்தால், அதைத் தாங்கும் ஒட்டுண்ணிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். சல்ஃபா மருந்துகளிலும், பின்னர் வந்த பல செயற்கை மருந்துகளிலும் இது விரைவாக நடந்தது. மொனென்சின் வகையில் மெதுவாக நடந்தது. இறைச்சியில் மருந்து எச்சம் தங்குமோ என்ற கவலையும் மக்களிடையே வளர்ந்தது. கால்நடைகளை விரைந்து வளரச் செய்வதற்காக ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்திலிருந்து தடை செய்தது. மொனென்சின் வகை மருந்துகள் ஐமீரியாவைத் தடுப்பதற்காகத் தொடர்ந்து அனுமதிக்கப்பட்டன. ஆயினும் மாற்று வழிகளைத் தேடும் முனைப்பு அதிகரித்தது.

தடுப்பூசி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. உயிருள்ள ஊசிஸ்டுகளைச் சிறு அளவில் கொடுத்து எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் மருந்து 1952-இலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே கோழிகளிலேயே வளர்த்துத் தயாரிக்க வேண்டியிருப்பதால் செலவு கூடுதல். ஆறேழு வாரங்களில் விற்கப்படும் கறிக்கோழிக்கு ஒவ்வொரு காசும் கணக்குதான். இந்த இடைவெளியில்தான் தாவரங்கள் நுழைந்தன.

செடி எவ்வாறு உதவக்கூடும்?

ஒரு தாவரப்பொருள் இரண்டு வழிகளில் உதவலாம். ஒன்று, ஒட்டுண்ணியை நேரடியாகத் தாக்குவது. மற்றொன்று, கோழியின் காவற்படைக்குத் துணை நிற்பது. இரண்டிற்கும் எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதல் வழிக்குச் சிறந்த சான்று ஆர்ட்டிமீசியா அன்னுவா என்ற செடி. பூக்கடையில் வாங்கும் மரிக்கொழுந்துக்கு இது உறவுச் செடி. (உறவு என்பதற்காக மரிக்கொழுந்திலும் அதே மருந்து இருக்கும் என்று கொள்ளக்கூடாது.) சீனத்து அறிவியலார் டூ யூயூ, பழைய மருத்துவ நூலொன்றில் கிடைத்த குறிப்பைத் தொடர்ந்து, இச்செடியைக் கொதிக்க வைக்காமல், 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார். 1971-இல் அந்தச் சாறு எலிகளின் மலேரியாவைத் தீர்த்தது. 1972-இல் அதிலிருந்து ஆர்ட்டிமீசினின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே செடிதான், சாறு எடுக்கும் முறை மாறியதும் மருந்தின் வலிமை மாறியது!

மலேரியா ஒட்டுண்ணிக்கு ஐமீரியா உறவு என்று முன்பு கண்டோம். அப்படியானால் இது ஐமீரியாவையும் தாக்குமா? அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் பட்ரீசியா ஆலன் குழுவினர் இதைச் சோதித்தனர். பத்து இலட்சம் பங்கு தீவனத்தில் 8.5 பங்கும் 17 பங்குமாகத் தூய ஆர்ட்டிமீசினினைக் கலந்து கொடுத்தபோது, அசெர்வுலினா, டெனெல்லா ஆகிய இரு இனங்களின் ஊசிஸ்டுகளும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. இம்மூலக்கூறிலுள்ள ஆக்சிஜன் பிணைப்பு உடைந்து, ஒட்டுண்ணியின் செல்லைத் தாக்கும் வினைமிகு துகள்களை உண்டாக்குவதே காரணம் என்று கருதுகின்றனர்.

இரண்டாம் வழிக்கு மஞ்சளை எடுத்துக்கொள்வோம். ஒட்டுண்ணி குடல்சுவரில் புகுந்ததும் கோழியின் வெள்ளணுக்கள் வினைமிகு ஆக்சிஜன் பொருள்களை வீசி அதைத் தாக்குகின்றன. போர்க்களத்தில் பகைவனோடு பயிரும் அழிவதுபோல், இதில் குடலின் சொந்தச் செல்களும் புண்படுகின்றன. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் இயல்புடையது. அதே பெல்ட்ஸ்வில் குழுவினர் தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மஞ்சளைச் சேர்த்தபோது, மாக்சிமா தாக்கிய கோழிகளின் குடற்புண் குறைந்தது. எடையும் நன்கு ஏறியது. 1998-இல் இம்முடிவுகள் தொகுத்து வெளியிடப்பட்டன.

அதே தொகுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆளி விதை எண்ணெயும் மீன் எண்ணெயும் டெனெல்லாவால் உண்டாகும் புண்ணைக் குறைத்தன. மாக்சிமாவின் புண்ணைக் குறைக்கவில்லை. இந்த எண்ணெய்கள் ஒட்டுண்ணியினுள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. மஞ்சள் செய்வது நேர் எதிரானது. அப்படியிருக்க, 'பத்து மூலிகைகள் கலந்தது, ஆகவே பத்து மடங்கு பலன்' என்று சோதனை செய்யாமல் எப்படிச் சொல்ல முடியும்? ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கவும் கூடும்.

எண்ணிப் பார்ப்பது எப்படி?

'மூலிகை கொடுத்தேன், கோழி பிழைத்தது' என்பது சான்று ஆகாது. நோய் ஒரு வாரத்தில் தானே அடங்கக்கூடியது என்று முன்பே கண்டோம். எதுவும் கொடுக்காவிட்டாலும் பல கோழிகள் பிழைக்கும். ஆகவே அளக்க வேண்டும்.

முதலில் ஊசிஸ்டுகளை எண்ணும் முறை. இதில் ஆர்க்கிமிடீசின் தத்துவம் பயன்படுகிறது. ஊசிஸ்ட் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியானது, தண்ணீரில் மூழ்கும். ஆனால் சமையல் உப்பின் நிறைகரைசல் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1.2 மடங்கு அடர்த்தியுள்ளது. அதில் ஊசிஸ்ட் மிதக்கும். எச்சத்தை உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டி, 'மக்மாஸ்டர் அறை' என்ற கண்ணாடித் தட்டில் ஊற்றினால், வித்துகள் மேலே வந்து கண்ணாடியை ஒட்டி நிற்கும். குப்பைகள் பெரும்பாலும் அடியில் தங்கும். தட்டில் ஒரு சதுரச் சென்டிமீட்டர் பரப்புள்ள கட்டம் வரையப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் இடைவெளியின் உயரம் 0.15 சென்டிமீட்டர். எனவே ஒரு கட்டத்தின் கீழுள்ள நீரின் பருமன் 0.15 கன சென்டிமீட்டர்.

நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். 2 கிராம் எச்சத்தைக் கரைசலில் கலந்து மொத்தம் 60 கன சென்டிமீட்டர் ஆக்கினோம். இரு கட்டங்களிலும் சேர்த்து 45 ஊசிஸ்டுகள் தெரிந்தன. ஒரு கிராம் எச்சத்தில் எத்தனை? இரு கட்டங்களின் பருமன் 0.30. எனவே ஒரு கன சென்டிமீட்டரில் 150, அறுபதில் 9,000, இது இரண்டு கிராமுக்கு. ஆகவே ஒரு கிராமுக்கு 4,500.

இரண்டாவது அளவு, குடற்புண். 1970-இல் ஜான்சன், ரீட் என்ற இருவர் வகுத்த முறைப்படி, புண்ணே இல்லாத குடலுக்கு 0, மிகக் கடுமையான புண்ணுக்கு 4 என மதிப்பெண் தருவார்கள். மூன்றாவது, எடை. தின்ற தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறியிருக்கிறதா என்பதே வளர்ப்பவரின் வருவாயை முடிவு செய்வது.

எவற்றை ஒப்பிடுவது? கிரேக்க நாட்டில் தெசலோனிகி நகர்ப் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2003-இல் வெளியான ஒரு சோதனை நல்ல பாடம். ஆரிகானோ என்ற மத்தியதரைக்கடல் பகுதிச் செடியின் எண்ணெயை அவர்கள் சோதித்தார்கள். அதன் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் என்ற பொருள் நம் வீட்டுக் கற்பூரவல்லி இலையிலும் உண்டு. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் அதற்கு நெருங்கிய உறவுப் பொருள்.

120 குஞ்சுகள் நான்கு சம குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. முதல் குழுவுக்கு நோயும் இல்லை, மருந்தும் இல்லை. மற்ற மூன்று குழுக்களுக்கும் 14-ஆம் நாளில் ஒவ்வொரு குஞ்சுக்கும் 50,000 டெனெல்லா ஊசிஸ்டுகள் கொடுக்கப்பட்டன. இவற்றில் இரண்டாம் குழுவுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. மூன்றாம் குழுவுக்குக் கிலோ தீவனத்துக்கு 300 மில்லிகிராம் ஆரிகானோ எண்ணெய். நான்காம் குழுவுக்கு மொனென்சின் வகையைச் சேர்ந்த லாசலோசிட் என்ற மருந்து 75 மில்லிகிராம்.

முடிவு என்ன? ஆரிகானோ பெற்ற குழு, பாதுகாப்பற்ற குழுவைவிட நன்றாக இருந்தது. இரத்தக் கழிச்சல், இறப்பு, குடற்புண், ஊசிஸ்ட் எண்ணிக்கை ஆகியவற்றில் பயன் தெரிந்தது. ஆனால் லாசலோசிட் பெற்ற குழுவின் அளவுக்குப் பயன் இல்லை. இரண்டாம் குழு இல்லாதிருந்தால் ஆரிகானோவுக்குப் பயன் உண்டா என்றே சொல்லியிருக்க முடியாது. நான்காம் குழு இல்லாதிருந்தால் அந்தப் பயன் எவ்வளவு என்று சொல்லியிருக்க முடியாது.

ஏமாறக்கூடிய மூன்று இடங்கள்

முதலாவது, கண்ணாடிக் குடுவை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் செய்யப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், போதிய செறிவுள்ள குர்குமின் கரைசலில் இட்ட டெனெல்லா ஸ்போரோசோயிட்டுகள் சிதைந்தன. செல்களில் புகும் திறனை இழந்தன. நல்ல செய்திதான். ஆனால் குடுவையில் உள்ள செறிவு கோழியின் குடலில் கிடைக்குமா? மஞ்சள் பொடியில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான். நாளைக்கு 100 கிராம் தின்னும் கோழிக்கு, ஒரு சதவீத மஞ்சள் கலந்த தீவனத்தில் கிடைப்பது 1 கிராம் மஞ்சள். அதில் குர்குமின் 30 மில்லிகிராம். 5,000 கோழிகள் உள்ள பண்ணைக்கோ நாள்தோறும் 5 கிலோ மஞ்சள் வேண்டும்! அதே சமயம், குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் அதிகம் சேர்வதில்லை என்பது மனித மருத்துவத்தில் ஒரு குறை. ஐமீரியா குடலிலேயே இருப்பதால் இங்கு அது அவ்வளவு பெரிய குறை ஆகாது.

இரண்டாவது, எதிர்ப்பொருள். காளான்களிலிருந்தும் அஸ்ட்ராகலஸ் என்ற சீன மூலிகையிலிருந்தும் எடுத்த சர்க்கரைத் தொடர்ப் பொருள்களைக் கொடுத்தபோது, டெனெல்லா தாக்கிய கோழிகளின் எதிர்ப்பொருள்களும், 'டி' செல்களைச் சார்ந்த எதிர்ப்பும் கூடின என்று நெதர்லாந்து, சீன அறிவியலார் 2004-இல் காட்டினர். அவர்கள் இரண்டையும் அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எதிர்ப்பொருள் கூடியது என்பதை மட்டும் சொல்லி 'நோய் எதிர்ப்பு ஆற்றல் பெருகியது' என்று யாராவது விளம்பரம் செய்தால், பர்சா இல்லாத கோழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் கூடியது என்பதோடு, அந்த எண்தான் கோழியைக் காக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, செடியின் மாறும் தன்மை. மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். செடியில் அப்படி இல்லை. விதை, மண், பருவம், உலர்த்தும் முறை, சாறெடுக்கும் வெப்பநிலை ஆகிய ஒவ்வொன்றும் மருந்துப் பொருளின் அளவை மாற்றும். டூ யூயூவின் கதை இதற்குச் சான்று. ஆகவே 'மூலிகைச் சாறு' என்ற பெயர் மட்டும் போதாது. அதில் எந்தப் பொருள் எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும்.

எந்த முடிவுக்கு வருகிறோம்?

தாவரப் பொருள்கள் வெறும் நம்பிக்கை அல்ல. சில பொருள்கள், சில ஐமீரியா இனங்களின் மேல், குறிப்பிட்ட அளவில், அளந்தறியக்கூடிய பயனைத் தருகின்றன. மருந்துக்கும் தடுப்பூசிக்கும் துணையாக அவை நிற்கலாம். ஆனால் 'எல்லாக் கழிச்சலுக்கும் ஒரே மூலிகை' என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. எச்சத்தில் இரத்தம் கண்டவர் மஞ்சளை மட்டும் நம்பிக் காத்திருந்தால், இரண்டாம் தலைமுறை மீரோசோயிட்டுகள் காத்திருக்கமாட்டா. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

எந்த மருந்துக்கும் எந்த மூலிகைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கூளத்தை உலர வைப்பது. ஈரம் இல்லையேல் ஊசிஸ்ட் முதிராது. தண்ணீர்க் கலத்தின் கசிவை நிறுத்துவதும், நனைந்த கூளத்தை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் பரப்புவதும், கொட்டகையில் காற்றோட்டம் இருக்கச் செய்வதும் எதிரியைப் பிறக்கும் இடத்திலேயே தடுக்கும். எச்சம் கீழே விழும்படி கம்பிக்கூண்டில் வளர்க்கப்படும் முட்டைக்கோழிகளுக்கு இந்நோய் குறைவாக வருவதும் இதனால்தான்.

மாணவ நண்பர்களே! மூலிகைத் தீவனப் பொட்டலம் ஒன்றை நீங்கள் பார்க்க நேர்ந்தால், அதன் மேலுள்ள வாசகங்களைப் படித்து நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த ஐமீரியா இனத்துக்கு எதிராகச் சோதித்தார்கள்? ஒன்றும் கொடுக்காத நோயுற்ற குழு இருந்ததா? பழகிய மருந்தோடு ஒப்பிட்டார்களா? ஊசிஸ்ட், புண், எடை ஆகியவற்றில் எதை அளந்தார்கள்? இவற்றுக்கு எண்களால் விடை தரும் பொட்டலத்தை உங்கள் ஊர்ப் பண்ணைக்காரருக்குச் சொல்லலாம். விடை இல்லாத பொட்டலத்துக்குச் செலவிடும் பணத்தில் உலர்ந்த உமி வாங்கித் தரையில் பரப்பினால் குஞ்சுகளுக்கு அதைவிட நன்மை உண்டு.